ஸ்தோத்திரம் சொல்லி முடித்த பிறகு: பெங்களூரு ஜெபக்குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தினமும் பிறருக்காக ஜெபிக்கிற எந்தக் குழுவுக்கும் இது உதவும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். குணமாகிவிட்டது என்று நாங்கள் ஸ்தோத்திரம் (கடவுளுக்கு நன்றித் துதி) சொன்ன பிறகு மாத்திரையை நிறுத்திவிட்ட ஒரு சகோதரியைப் பற்றியது இது. அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

எங்களுடையது லிங்கராஜபுரம் பக்கம் இருக்கிற ஒரு சின்னத் தமிழ்ச் சபை. பாதிக் குடும்பங்கள் கோலார் தங்கவயலில் இருந்து வந்தவை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியதும் பிழைப்பு தேடி இங்கே வந்து தங்கிவிட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். வீட்டு வேலை, ஆட்டோ, பெயின்டிங், கொஞ்சம் பேர் ஐடி கம்பெனி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவு பூட்டப்பட்டபோதுதான் காலை 5.15 மணி கான்ஃபரன்ஸ் கால் தொடங்கியது. கொரோனா வந்தவர்களுக்காகவும் வேலை போனவர்களுக்காகவும் தினமும் ஜெபித்தோம். ஆலயம் திறந்த பிறகும் அதை நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு பாட்டில் ஒரு சரணம், ஒரு சங்கீதம், அப்புறம் ஜெபக்குறிப்புகளை நான் வாசிப்பேன், இரண்டு பேர் ஜெபிப்பார்கள், 5.45-க்கு முடித்துவிடுவோம், ஏனென்றால் ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இருபது பேர் சொச்சம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ஒருவர் வீட்டில் கூடி உபவாச ஜெபம்.

தினமும் என்பதில் ஒரு பலன் உண்டு. ஞாயிறு ஆராதனையில் "வியாதியாய் இருக்கிறவர்களுக்காக" என்று பொதுவாக ஜெபிக்கும்போது யார் முகமும் மனதில் வராது. ஒரே பெயரைத் தினமும் காலையில் சொல்லிப்பாருங்கள், மத்தியானம் அந்த ஆளுக்குப் போன் போட்டுவிடுவீர்கள். எங்கள் குழுவில் மருத்துவமனைக்குத் துணைக்குப் போனது, பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் திரட்டியது எல்லாம் இப்படித்தான் நடந்தது, தனியாக ஒரு திட்டம் போட்டு நடக்கவில்லை.

குறிப்புகளை ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் ஸ்தோத்திரம். ஜெபம் கேட்கப்பட்டால் குறிப்பு இடமிருந்து வலத்துக்குப் போகும், அன்று எல்லோரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வோம், அடுத்த நாளில் இருந்து அந்தப் பெயர் வாசிக்கப்படாது. இந்த ஏற்பாடு இந்த நிகழ்வில் பெரிய பங்கு வகித்தது, அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

குறிப்பு வந்த விதம்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தின் முதல் வாரத்தில் ஒரு பக்கத்து வீட்டு அக்கா மூலமாகக் குறிப்பு வந்தது. "ஒரு சகோதரிக்கு ரொம்ப நாளாக இருமல், பலவீனம், நெஞ்சில் சளி, ஜெபித்துக்கொள்ளுங்கள்." நாற்பதை நெருங்கும் வயது, இரண்டு பிள்ளைகள், மாமியார், பெயின்டிங் வேலை செய்யும் கணவர். இரண்டு அடுக்குமாடி வீடுகளில் சமையல் செய்கிறார். பெயர் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்தது, உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்தான்.

அது டிபி (காசநோய்) என்று அந்த அக்காவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. குறிப்பு வருவதற்குச் சில வாரம் முன்பே அரசு சுகாதார நிலையத்தில் சளியைச் சோதித்து மாத்திரை தொடங்கியிருந்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவரே சொன்னார். சமையல் வேலை செய்கிற ஒருவருக்கு டிபி என்று தெரிந்தால் அடுத்த நாளே வேலை போகும். இன்னொன்று, அவருடைய அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்துபடிந்து சிலிக்கோசிஸ் வரும், அது வந்தவர்களை டிபி எளிதில் பிடிக்கும். அப்பா இரண்டும் சேர்ந்து இருமி இருமியே போனவர். ஊரில் அவர்கள் வீட்டுத் தம்ளரில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்த வார்த்தையை வெளியே சொல்லாது.

நாங்கள் தினமும் ஜெபித்தோம். நான்கைந்து பேர் மாறிமாறி அவருக்குப் போன் செய்து "இன்றைக்கு எப்படி இருக்கு சிஸ்டர், இருமல் குறைந்ததா?" என்று கேட்டார்கள். உண்மையான அன்போடுதான் கேட்டார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு

சாதாரண டிபிக்கு இந்தியாவில் ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எடைக்கேற்ப எண்ணிக்கை மாறும், நாற்பது கிலோ சொச்சம் இருந்த அவருக்குத் தினமும் மூன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும், இருமல் குறையும். இரண்டாவது மாத முடிவில் சளியை மறுபடி சோதிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதில் கிருமி தெரியாது. மருந்து வேலை செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். உள்ளே ஒளிந்திருக்கும் கிருமிகளைத் தீர்க்க இன்னும் நான்கு மாதம் வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்கே அடங்காத வகையாக மாறவும் வாய்ப்புண்டு.

அவருடைய இரண்டாவது மாத ரிப்போர்ட் ஈஸ்டரை ஒட்டி வந்தது. காலை அழைப்பில் அவரே பேசினார். "கர்த்தர் பெரிய காரியம் செய்தார், ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை." எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்தோத்திரம் சொன்னதில் லைனில் யார் குரலும் தெளிவாகக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் சாட்சி சொன்னார், அதாவது கர்த்தர் தன்னைக் குணமாக்கினார் என்று சபை முன்னால் நின்று சொன்னார். பெயர் நோட்டின் வலது பக்கம் போனது. மறுநாள் முதல் வாசிக்கப்படவில்லை. போன்களும் நின்றன.

அதாவது சிகிச்சையில் நான்கு மாதம் மிச்சம் இருக்கும்போது, மாத்திரை சலிப்புத் தட்டத் தொடங்குகிற சரியான நேரத்தில், அவருக்கான ஜெபமும் விசாரிப்பும் ஒன்றாக நின்றுபோயின. அடுத்த வாரமே மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

கவனித்தது

முதலில் கவனித்தவர் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா. ஜூன் மாத உபவாச ஜெபம். பத்துக்குப் பத்து அறை, ஜன்னல் ஒன்றுதான், அதுவும் சாத்தியிருந்தது. அந்தச் சகோதரி பாட்டின் நடுவே இருமலை அடக்கிக்கொண்டு வெளியே போய்வந்தார். கையை உயர்த்தி ஜெபிக்கும்போது வளையல்கள் முழங்கை வரை வழுக்கி இறங்கின. ஈஸ்டர் சமயத்தில் அவை மணிக்கட்டில்தான் நின்றன என்று அக்காவுக்கு ஞாபகம்.

அக்கா அன்று ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மாமியாரைப் பார்க்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் டியூஷனுக்குப் போகும்வரை உட்கார்ந்திருந்து, "மாத்திரை ஏதாவது சாப்பிடுறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்துக்கொண்டுவந்து வைத்தார். பிரிக்காத மாத்திரை அட்டைகள். முதல் அட்டையில் மட்டும் ஒரு வரிசை காலி.

அப்போது அவர் சொன்னதை அக்கா அப்படியே எங்களிடம் சொன்னார், அனுமதி வாங்கிய பிறகு. "எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிட்டாங்கக்கா. நானும் சபை முன்னாடி நின்னு குணமாயிட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறமும் மாத்திரை முழுங்கினா நான் சொன்னது பொய்யாயிடாதா? இருமல் திரும்பினப்போ யார்கிட்ட சொல்றது? திரும்ப இந்தப் பக்கம் பேர் எழுதச் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நோட்டைப் பார்த்தே இராத ஒருவருக்குக்கூட அதில் இரண்டு பக்கம்தான் உண்டு என்பது தெரிந்திருக்கிறது. கேட்கிறவர், பெற்றுக்கொண்டவர். நடுவில் இருக்கிறவருக்கு இடம் இல்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போவது. அக்கா கூடப் போனார். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, யாருக்கெல்லாம் சொல்வது. அந்தச் சகோதரி போதகருக்கும் நோட்டு வைத்திருக்கிற எனக்கும் மட்டும் சொல்ல அனுமதித்தார். அதோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது: மூடிய அறையில் அவரோடு சேர்ந்து பாடிய பன்னிரண்டு பேர். டிபி காற்றில் பரவுவது. அவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது நியாயமா என்று நாங்கள் மூவரும் நீண்ட நேரம் பேசினோம். சுகாதாரப் பணியாளரிடம் கேட்டதில், முதல் கவனம் ஒரே வீட்டில் தூங்குகிறவர்கள்மேல் இருக்கவேண்டும், மற்றவர்களில் இருமல் இருப்பவர்கள் சோதித்துக்கொள்ளட்டும் என்றார். எனவே போதகர் ஞாயிறு அறிவிப்பில் பெயர் எதுவும் இல்லாமல் சொன்னார்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அரசு நிலையத்தில் சளிச் சோதனை இலவசம், மருந்தும் இலவசம், வெட்கப்பட ஒன்றுமில்லை. உபவாச ஜெபத்தை ஆலய வராந்தாவுக்கு மாற்றினோம். அந்தச் சகோதரி முதல் வாரங்களில் போனில் மட்டும் கலந்துகொண்டார்.

மூன்றாவது, பிரசங்கம். மாத்திரையும் விசுவாசமும் எதிரெதிர் என்ற எண்ணத்தை யாரும் எங்கள் சபையில் கற்பித்ததில்லை. ஆனாலும் அது காற்றில் இருக்கிறது, டிவி ஊழியங்களில் இருந்து வருகிறது, சாட்சி சொல்கிற தோரணையில் இருந்து வருகிறது. போதகர் வேதாகமத்தில் வரும் எசேக்கியா ராஜாவின் கதையை எடுத்தார், சாகும் நிலையில் வியாதியாய்க் கிடந்தவர். கர்த்தரே பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார், அப்படியிருந்தும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி அவருடைய பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்குத்தத்தம் கிடைத்த பிறகுதான் மருந்து வந்தது என்று போதகர் அழுத்திச் சொன்னார். சபையில் வேறு ஏதோ மாத்திரையை ஒளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் அந்த வாரம் அவரிடம் வந்து பேசினார்கள். ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று மனச்சோர்வுக்கு.

நான்காவது, நோட்டு. நடுக்கோட்டை எடுத்துவிட்டு மூன்று பத்தி போட்டேன். நடுப் பத்திக்கு "போய்க்கொண்டிருக்கிறது" என்று பெயர். சிகிச்சை, வழக்கு, கடன், குடியை விட முயல்கிறவர், பரீட்சைக்குப் படிக்கிறவர் எல்லாம் அதில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முடியும் தேதி, தெரிந்தால். நல்ல செய்தி வந்தாலும் அந்தத் தேதி வரை பெயர் நகராது. அன்றைக்கு ஸ்தோத்திரமும் சொல்வோம், மறுநாள் ஜெபமும் தொடரும்.

இதோடு போன் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டோம். "குறைந்ததா, சரியாகிவிட்டதா" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றும், அதுவும் தனக்காக விடியற்காலையில் எழுந்திருக்கிறவர்களிடம்.

இந்தச் சமயத்தில் குழுவில் இருக்கும் ஒரு தம்பி, 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னான். ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். தங்களுக்காக ஜெபிக்கப்படுகிறதா என்று உறுதியாகத் தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்கள் ஜெபிக்கப்படாதவர்கள் இரு தரப்பிலும் பாதிப் பேருக்குச் சற்று மேல் ஏதோ சிக்கல் வந்தது. நிச்சயமாக ஜெபிக்கப்படுகிறது என்று தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதம். அது தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வு செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஜெபத்தை இப்படி அளக்க முடியும் என்று நான் நம்பவில்லை, முன்பின் தெரியாதவர்கள் ஒரு பட்டியலைப் பார்த்து ஜெபிப்பதும், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு ஜெபிப்பதும் ஒன்றல்ல. ஆனால் "எனக்காக இத்தனை பேர் ஜெபிக்கிறார்கள்" என்பதே ஒருவர் தலையில் ஒரு பாரமாக ஏறலாம் என்பதை அந்தச் சகோதரி வாயிலிருந்தே கேட்டிருந்தோம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லியிருக்கும்போது நாம் ஏற்றிவிடக் கூடாதே என்பதுதான் அன்று எங்கள் பேச்சு.

என்ன நடந்தது

மறு சோதனையில் கிருமி இருந்தது. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு வந்திருக்கவில்லை. அந்த ரிப்போர்ட் வரும்வரை நாங்கள் மூவரும் பயந்துகொண்டே இருந்தோம். மாத்திரையை முதலில் இருந்து ஆறு மாதம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். யாருக்கும் நோய் இல்லை, வராமல் தடுக்கும் மருந்து கொடுத்தார்கள்.

இந்த முறை முதல் மாதம் கடினமாக இருந்தது. காலையில் மாத்திரை போட்டதும் குமட்டல். சமையல் வேலையை அவராகவே நிறுத்தினார், ஒரு வீட்டில் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், இன்னொரு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். டிபி சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சத்துணவுக்காக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. பழைய கணக்கு செயல்படாமல் கிடந்தது, அதைச் சரிசெய்ய ஐடியில் வேலை செய்கிற தம்பி அரை நாள் லீவு போட்டுக் கூடப் போனான். முட்டையும் பாலும் இரண்டு வீடுகள் முறைவைத்துக் கொடுத்தன. எதற்கு என்று கேட்காமலே கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் அவராகவே ஒரு குறிப்பு அனுப்பினார்: "ஒரு சகோதரி, டிசம்பர் வரை மருந்து முடிய வேண்டும், தினமும் காலை மாத்திரை வயிற்றில் தங்க வேண்டும்." பெயர் இல்லாமல் நடுப் பத்தியில் எழுதி வாசித்தேன். அன்றிலிருந்து ஜெபத்தின் தொனியே மாறியது. "முற்றிலும் சுகப்படுத்தும்" என்பதோடு "இன்றைய மாத்திரையை ஆசீர்வதியும்" என்று ஒரு பாட்டி ஜெபிக்க ஆரம்பித்தார். அது யாருக்காக என்று அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த சகோதரி அந்த நேரத்துக்குத்தான் மாத்திரையைக் கையில் எடுப்பாராம், அப்படியே பழகிவிட்டது.

டிசம்பரில் சிகிச்சை முடிந்தது, கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. சாட்சி சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வீட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

எல்லாம் நன்றாக முடியவில்லை. மனைவியின் விஷயம் சபையில் மூன்று பேருக்குத் தெரியும் என்பது கணவருக்குப் பிடிக்கவில்லை, குடும்பம் இப்போது வேறு சபைக்குப் போகிறது. அந்தச் சகோதரி காலை அழைப்பில் மட்டும் வாரத்தில் சில நாள் இருப்பார். பேசமாட்டார், எண் மட்டும் தெரியும். உபவாச ஜெபத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் எப்படியோ ஊகித்துவிட்டு, தனக்குச் சொல்லியிருக்கவேண்டும், வீட்டில் பேரக்குழந்தை இருக்கிறது என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. பேரக்குழந்தையைச் சோதிக்க அக்காவே அழைத்துப்போனார், ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் குழுவுக்குத் திரும்பவில்லை.

இனி மாற்ற வேண்டியது

நோய் பரவக்கூடியதாக இருந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும், ஆள் யார் என்று தெரிந்த பிறகு பேசினால் அது அந்த ஆளைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. இப்போது குறிப்பு கொடுக்கிற எவரிடமும் இரண்டு கேள்வி கேட்கிறோம்: இதை யார் வரை சொல்லலாம், கூட உட்காருகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது ஏதாவது இருக்கிறதா. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் நர்ஸ் அக்காவிடம் மட்டும் பேசினால் போதும், எனக்குக்கூட காரணம் தெரியவேண்டியதில்லை. வேறொருவர் மூலமாக வரும் குறிப்பை, சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயரோடு வாசிப்பதில்லை.

சாட்சியைப் பொறுத்தவரை, சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறோம். சில பேருக்கு இது பிடிக்கவில்லை, பரிசுத்த ஆவியானவரை அவித்துப்போடுவதாக, அவர் செயலைத் தடுப்பதாகச் சொல்கிறார்கள். நன்றி சொல்வதை யாரும் தடுக்கவில்லை, "இதுவரை நடத்தினார்" என்று தாராளமாகச் சொல்லலாம். "முடிந்துவிட்டது" என்று சொல்லத்தான் டாக்டர் வரை போய்வரச் சொல்கிறோம்.

நடுப் பத்தி இப்போது ஒரு முழுப் பக்கத்தைத் தாண்டிவிட்டது. முடியும் தேதியே இல்லாத குறிப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன: மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒரு மகன், டயாலிசிஸ் போகும் ஒரு ஐயா. அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் வாசிக்க முடியவில்லை, அவசரமாக வாசித்தால் பெயர்கள் வெறும் பட்டியலாகிவிடும். அடுத்த மாதத்தில் இருந்து நடுப் பத்தியை இரண்டாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் வாசிப்பதாகவும், வாசிக்கப்படாத நாளில் அந்தப் பெயர்களுக்கு யாராவது ஒருவர் போன் செய்வதாகவும் பேசியிருக்கிறோம். யார் யாருக்கு என்ற முறைப்பட்டியலை நர்ஸ் அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார்.